வாப்பா வழியாகவும் வரும்: சூலகப் புற்றுநோயும் நாம் மறைக்கும் குடும்ப வரலாறும்

இரண்டரை வருடங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை, வைத்திய நிபுணர் ஒருவரின் அறையில் என் ராத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ராத்தாவுக்கு அப்போது 46 வயது. நான்கு மாதங்களாக வயிறு ஊதினாற்போல இருக்கிறது, இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேஸ்ரைட்டிஸ் என்று நினைத்து மருந்தும் குடித்தார். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது சூலகத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. வயிற்றுக்குள் நீரும் கட்டியிருந்தது.

"உங்கட குடும்பத்தில யாருக்காவது புற்றுநோய் இருந்திச்சா?" என்று வைத்தியர் கேட்டார்.

"இல்ல டொக்டர். உம்மாவுக்கும் இல்ல, சாச்சிமாருக்கும் இல்ல" என்றார் ராத்தா. நானும் ஆமென்று தலையாட்டினேன்.

அன்றிரவு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு மாமியின் ஞாபகம் வந்தது. மாமி என்றால் வாப்பாவின் தங்கை. நான் எட்டாம் வகுப்பில் படிக்கும்போது மௌத்தானார். அவருக்கு அப்போது ஐம்பது வயதும் ஆகியிருக்கவில்லை. "மாமிக்கு வயிற்றில் தண்ணீர் கட்டிவிட்டது" என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். "மஹரகமவுக்குக் கொண்டு போயிருக்கு" என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதும் நினைவிருக்கிறது. நோயின் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை.

மறுநாள் பெரியவாப்பாவிடம் போய்க் கேட்டேன். எண்பது வயதைத் தாண்டியவர். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாப்பும்மாவுக்கும் மார்பில புண் ஒண்டு இருந்திச்சி. அதுலதான் மௌத்தானாங்க. அதெல்லாம் எதுக்கு மனே இப்ப கிண்டுறீங்க?" என்றார்.

வைத்தியரிடம் நாங்கள் பொய் சொல்லவில்லை. உம்மா பக்கத்தை மட்டும் நினைத்துப் பதில் சொன்னோம். பெண்களுக்கு வரும் நோய் பெண்கள் வழியாகத்தான் வரும் என்று எண்ணிவிட்டோம். விஞ்ஞான பாடம் கற்பிக்கும் நானே அப்படித்தான் எண்ணினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பின்னர் ராத்தாவின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 'பிஆர்சிஏ 1' என்ற பரம்பரையலகில் விகாரம் இருப்பது உறுதியானது. அது வாப்பா வழியாக வந்தது. வாப்பா 71 வயதில் மாரடைப்பினால் மௌத்தானவர். வாழ்நாளில் ஒரு நாளும் அவருக்குப் புற்றுநோய் இருக்கவில்லை.

நான் வைத்தியன் அல்லன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, ஏறத்தாழ இருபது வருடங்களாக விஞ்ஞானம் கற்பித்து வரும் ஓர் ஆசிரியன். எங்கள் வீட்டுக்கு இந்த நோய் வந்த பிறகு தேடிப் படித்தவற்றையும் வைத்தியர்களிடம் கேட்டு விளங்கிக்கொண்டவற்றையும் வகுப்பில் சொல்வதுபோல இங்கே எழுதுகிறேன். ராத்தாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

விகாரம் என்றால் என்ன?

சாதாரண தர வகுப்பில் தலைமுறையுரிமைப் பாடம் தொடங்கும்போது 'விகாரம்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவலட்சணம் என்று நினைத்துக்கொள்வார்கள். விஞ்ஞானத்தில் அதன் பொருள் வேறு. அது ஓர் எழுத்துப் பிழை.

எமது உடலின் ஒவ்வொரு கலத்திலும் 46 நிறமூர்த்தங்கள் 23 சோடிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று உம்மாவிடமிருந்தும் மற்றையது வாப்பாவிடமிருந்தும் வந்தது. அவற்றில் டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில், உடலைக் கட்டியெழுப்புவதற்கும் நடத்துவதற்குமான அறிவுறுத்தல்கள் நான்கே நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு புரதத்தைச் செய்வதற்கான அறிவுறுத்தலைக் கொண்ட பகுதியைப் பரம்பரையலகு என்கிறோம்.

"பள்ளிக்குப் போனேன்" என்று எழுத வேண்டிய இடத்தில் "பல்லிக்குப் போனேன்" என்று எழுதினால் என்னவாகும்? மாறியது இரண்டே எழுத்துகள்தான், ஆனால் கருத்தே கெட்டுவிடுகிறது. டி.என்.ஏ.யிலும் அப்படித்தான். சில பிழைகளால் எந்தத் தீங்கும் இல்லை. சில பிழைகளால் ஒரு புரதம் பாதியிலேயே நின்றுபோகும். அந்தப் புரதம் செய்ய வேண்டிய வேலையும் நின்றுபோகும்.

இத்தகைய பிழைகள் இரண்டு வகைப்படும். வாழும் காலத்தில் ஏதோ ஒரு கலத்தில் புதிதாக ஏற்படும் பிழைகள் ஒரு வகை. அவை அந்தக் கலத்தோடும் அதிலிருந்து பிரியும் கலங்களோடும் நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. மற்றைய வகை, பிறக்கும்போதே உடலின் எல்லாக் கலங்களிலும் இருப்பது. இதுதான் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போவது. சூலகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை முதல் வகைப் பிழைகளால் மட்டுமே உண்டாகின்றன. ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் பரம்பரையாக வந்த பிழையும் இருக்கிறது. அந்த ஐந்தில் ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை.

கிழிந்த பக்கத்தைத் திருத்துபவர்

பாடசாலை அலுவலகத்தில் மாணவர் அனுமதிப் பதிவேடு ஒன்று இருக்கும். அதன் ஒரு பக்கம் குறுக்கே கிழிந்து, சில வரிகள் அழிந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பான எழுதுவினைஞர் என்ன செய்வார்? அதே பதிவேட்டின் இரண்டாவது பிரதியை எடுத்து, பக்கத்தில் வைத்து, விடுபட்ட வரிகளை எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுவார். அவர் லீவில் போய்விட்டால் வேறொருவர் வந்து கிழிந்த இரு விளிம்புகளையும் பசை போட்டு ஒட்டிவிடுவார். பக்கம் ஒட்டும். ஆனால் நடுவில் இருந்த பெயர்கள் போய்விடும்.

எமது கலங்களிலும் டி.என்.ஏ. இழை இவ்வாறு முற்றாக அறுந்துபோவதுண்டு. அதைப் பிரதி பார்த்துப் பிழையில்லாமல் திருத்தும் வேலையில் பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற இரண்டு பரம்பரையலகுகளும் உருவாக்கும் புரதங்கள் முக்கியமானவை. முதலாவது 17ஆம் நிறமூர்த்தத்திலும் இரண்டாவது 13ஆம் நிறமூர்த்தத்திலும் உள்ளன. ஆகவே, இவை புற்றுநோயை உண்டாக்குவதற்கென்று இருக்கும் பரம்பரையலகுகள் அல்ல. எல்லா மனிதரிடமும் இருக்கும், எங்களைப் புற்றுநோயிலிருந்து காக்கும் பரம்பரையலகுகள். அவற்றில் ஏற்படும் பழுதுதான் ஆபத்து.

ஒவ்வொருவரிடமும் இவற்றில் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றையது வேலையைச் செய்யும். விகாரத்தோடு பிறந்த ஒருவர் ஆரோக்கியமாக வாழ்வது இதனால்தான். ஆனால் காலப்போக்கில் ஏதாவது ஒரு கலத்தில் அந்த இரண்டாவது பிரதியும் கெட்டுவிட்டால், அந்தக் கலத்தில் திருத்துபவரே இல்லாமல் போகிறது. மற்றவர்களின் கலத்தில் புற்றுநோய்க்கு இரண்டு அடி விழ வேண்டும் என்றால், இவர்கள் பிறக்கும்போதே முதல் அடியை வாங்கிக்கொண்டு வந்தவர்கள். குழந்தைகளுக்கு வரும் ஒருவகைக் கண் புற்றுநோயை ஆராய்ந்த அல்பிரட் நட்சன் என்ற அமெரிக்க வைத்தியர் 1971 இல் இந்த 'இரண்டு அடி' விளக்கத்தை முன்வைத்தார். பரம்பரையாக வரும் பல புற்றுநோய்களை விளங்கிக்கொள்ள அது இன்றும் உதவுகிறது.

திருத்துபவர் இல்லாத கலத்தில் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். 'டிபி 53' என்ற இன்னொரு பரம்பரையலகு காவலாளியைப் போன்றது. பழுதடைந்த கலத்தைப் பிரியவிடாமல் நிறுத்தும், அல்லது அழியச் செய்யும். அதுவும் கெட்டுப்போனால் கலம் கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கும். சூலகப் புற்றுநோயில் மிகப் பரவலாகக் காணப்படும் கடுமையான வகையைச் சேர்ந்த கட்டிகளை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், 100க்கு 96 கட்டிகளில் டிபி 53 பழுதாகியிருந்தது.

இன்னொரு விடயமும் உண்டு. சூலகப் புற்றுநோய் என்று நாம் சொன்னாலும், இந்தக் கடுமையான வகை பல வேளைகளில் சூலகத்தில் தொடங்குவதில்லை. சூலகத்துக்கு அருகில் விரிந்திருக்கும் பலோப்பியன் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது. பிஆர்சிஏ விகாரம் உள்ள பெண்களிடமிருந்து முன்னெச்சரிக்கையாக அகற்றிய உறுப்புகளை 2000களின் தொடக்கத்தில் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோதுதான் இது தெரியவந்தது. அங்கிருந்து உதிரும் கலங்கள் சூலகத்திலும் வயிற்று உறையிலும் போய் ஒட்டிக்கொள்கின்றன. எங்கள் ராத்தாவைப் போலப் பெரும்பாலான பெண்களுக்கு நோய் பரவிய பின்னரே தெரியவருவதற்கு இது ஒரு காரணம்.

எவ்வளவு ஆபத்து?

பொதுவாக 100 பெண்களை எடுத்தால், வாழ்நாளில் ஒருவருக்கோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ சூலகப் புற்றுநோய் வரலாம். பிஆர்சிஏ விகாரம் உள்ள ஏறத்தாழ 10,000 பெண்களைச் சேர்த்துச் செய்யப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வின்படி, 80 வயதுக்குள் சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ 1 விகாரம் உள்ளவர்களுக்கு 100க்கு 44, பிஆர்சிஏ 2 விகாரம் உள்ளவர்களுக்கு 100க்கு 17. மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு முறையே 72, 69.

இந்த எண்களை இரண்டு பக்கமும் வாசிக்க வேண்டும். ஒன்றிலிருந்து 44க்கு ஏறுவது பெரிய ஏற்றம். அதேவேளை 100 பேரில் 56 பேருக்குச் சூலகப் புற்றுநோய் வருவதில்லை. பிள்ளைக்குப் போவது நோய் அல்ல, நோய்க்கான வாய்ப்புத்தான்.

இவை இரண்டைத் தவிர வேறு பரம்பரையலகுகளும் உண்டு. 'லிஞ்ச் கூட்டறிகுறி' என்ற நிலையில் எம்எல்எச் 1, எம்எஸ்எச் 2 போன்றவை பழுதாகியிருக்கும். அந்தக் குடும்பங்களில் பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்களோடு சூலகப் புற்றுநோயும் வரும்.

பாதிக்குப் பாதி

ஒருவரிடம் விகாரம் உள்ள ஒரு பிரதியும் நல்ல பிரதி ஒன்றும் இருந்தால், அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த விகாரம் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நாணயம் சுண்டுவதைப் போல. 17ஆம், 13ஆம் நிறமூர்த்தங்கள் ஆண் பெண் இருபாலாரிடமும் இருப்பவை. ஆகவே கொடுப்பவர் உம்மாவா வாப்பாவா என்பதும், பெறுபவர் மகனா மகளா என்பதும் இந்தக் கணக்கை மாற்றாது.

வாப்பாவுக்குச் சூலகம் இல்லை. அதனால் விகாரம் அவரிடம் சத்தமில்லாமல் இருந்தது. பிஆர்சிஏ விகாரம் உள்ள ஆண்களுக்கு, குறிப்பாக பிஆர்சிஏ 2 என்றால், புரஸ்டேட் புற்றுநோயும் ஆண்களுக்கு அரிதாக வரும் மார்பகப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனாலும் பலர் எதுவும் வராமலே வாழ்ந்து முடிகிறார்கள். பெரியவாப்பாவுக்கு மூன்று ஆண் பிள்ளைகள், மகள் இல்லை. அந்தக் கிளையில் விகாரம் இருந்தாலும் இரண்டு தலைமுறைகளுக்கு வெளியே தெரியாமல் போகலாம். ஆண்கள் நிறைந்த குடும்பத்தில் இந்த நோய் 'இல்லை' என்று தோன்றுவது இப்படித்தான்.

ஊரில் கேட்ட மூன்று கருத்துகளுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

"நான் உம்மா சாயல், வாப்பா பக்கத்து நோய் எனக்கு வராது" என்று தங்கச்சியே சொன்னாள். முகச்சாயலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவளுக்கு விகாரம் வரவில்லை என்பது பரிசோதனையில்தான் தெரிந்தது, கண்ணாடியில் அல்ல.

"சொந்தத்துக்குள் கலியாணம் முடித்ததால் வந்தது" என்றார் ஒருவர். இதுவும் பிழை. இந்த ஆபத்துக்கு விகாரமுள்ள ஒரு பிரதியே போதும், அது ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். ஆனால் கணவன், மனைவி இருவரிடமும் பிஆர்சிஏ 2 விகாரம் இருந்து, பிள்ளைக்கு இரண்டு பழுதான பிரதிகளும் போய்ச் சேர்ந்தால், 'பன்கோனி இரத்தச்சோகை' என்ற அரிதான கடும் நோய் வரலாம். மாமி மகனுக்கும் மாமா மகளுக்கும் கலியாணம் பேசும் வழக்கமுள்ள எங்களைப் போன்றவர்கள் குடும்ப வரலாற்றை அறிந்திருக்க இது இன்னொரு காரணம்.

"இது தொற்றுமா?" என்று கேட்டவரும் உண்டு. தொற்றாது.

பேசிய குடும்பங்களால் கிடைத்த அறிவு

இந்தப் பரம்பரையலகுகளைத் தேடும் வழி ஆய்வுகூடத்தில் தொடங்கவில்லை. குடும்பங்கள் வாய் திறந்த இடத்தில் தொடங்கியது.

1866 இல் போல் புரோக்கா என்ற பிரெஞ்சு வைத்தியர் தன் மனைவியின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததை எழுதி வெளியிட்டார். 1895 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண், தன் குடும்பத்தில் பலர் குடல், வயிறு, கருப்பைப் புற்றுநோயால் இறந்ததாகவும் தானும் அப்படித்தான் இறப்பேன் என்றும் நோயியல் நிபுணர் அல்ட்ரட் வாத்தினிடம் சொன்னார். அவர் சொன்னது போலவே பின்னர் கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். வாத்தின் அந்தக் குடும்பத்தின் மரத்தை வரைந்து வைத்தார். லிஞ்ச் கூட்டறிகுறி பற்றிய அறிவு அந்த மரத்திலிருந்து முளைத்தது.

மேரி கிளயார் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1970களில் ஆய்வைத் தொடங்கியபோது, மார்பகப் புற்றுநோய் ஒற்றைப் பரம்பரையலகு வழியாக வரலாம் என்பதைப் பலர் ஏற்கவில்லை. அவர் 23 குடும்பங்களில் 146 நோயாளர்களின் விபரங்களைத் திரட்டினார். யாருக்கு எந்த வயதில் வந்தது என்று பார்த்தார். இளவயதில் நோய் வந்த குடும்பங்களைத் தனியே எடுத்தபோது 17ஆம் நிறமூர்த்தத்தின் ஓர் இடம் தெளிவாகத் தெரிந்தது. அது 1990. மார்பகமும் சூலகமும் சேர்ந்து பாதிக்கப்பட்ட குடும்பங்களிலும் அதே இடம்தான் என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. 1994 இல் பிஆர்சிஏ 1 பிரித்தெடுக்கப்பட்டது, 1995 இல் பிஆர்சிஏ 2.

அந்த 23 குடும்பங்களும் "அதெல்லாம் எதுக்கு இப்ப கிண்டுறீங்க?" என்று கேட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

என்ன செய்யலாம்?

முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். வாப்பா பக்கம், உம்மா பக்கம் இரண்டிலும் மூன்று தலைமுறைகளை எழுதுங்கள். யாருக்கு எந்தப் புற்றுநோய், எந்த வயதில் வந்தது என்று குறியுங்கள். மார்பகம், சூலகம், கணையம், புரஸ்டேட், பெருங்குடல், கருப்பை ஆகியவற்றை முக்கியமாகக் கேளுங்கள். "வயிற்றில் கட்டி", "தண்ணீர் கட்டியது", "மார்பில் புண்" என்று சொல்லப்பட்டவற்றையும் எழுதுங்கள். வயதான மாமிமாரும் பெரியவாப்பாமாரும் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். அவர்கள் மௌத்தானால் தகவலும் அவர்களோடு போய்விடும்.

ஐம்பது வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்தவர், எந்த வயதிலாவது சூலகப் புற்றுநோய் வந்தவர், ஆண்களில் மார்பகப் புற்றுநோய் வந்தவர் உங்கள் இரத்த உறவில் இருந்தால் வைத்தியரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். பிறப்புரிமையியல் ஆலோசனை பெறலாமா என்று கேளுங்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இதற்கென்று மனிதப் பிறப்புரிமையியல் பிரிவு ஒன்று இருக்கிறது.

பரிசோதனையை முடியுமானவரை நோய் வந்தவரிடமிருந்தே தொடங்க வேண்டும். அவரிடம் குறிப்பிட்ட விகாரம் தெரிந்தால், மற்றவர்களிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். 'பொருள் தெளிவற்ற மாற்றம்' என்றும் சில வேளை அறிக்கை வரும். ஐரோப்பிய மக்களின் டி.என்.ஏ. விபரங்களே உலகில் அதிகம் சேர்க்கப்பட்டிருப்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு இப்படி வருவது கூடுதல். அதை நோய் என்று எடுத்துக்கொண்டு சத்திரசிகிச்சை செய்யக் கூடாது.

விகாரம் உறுதியான பெண்ணுக்கு வழிகள் இருக்கின்றன. மார்பகங்களை இளவயதிலிருந்தே ஸ்கேன் மூலம் கண்காணிக்கலாம். சூலகத்துக்கு அத்தகைய நம்பகமான கண்காணிப்பு இல்லை. பிரித்தானியாவில் 200,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடங்கள் தொடர்ந்த பெரிய ஆய்வு, நோய் அறிகுறி இல்லாத பெண்களுக்கு இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துவந்ததால் இறப்பு குறையவில்லை என்று 2021 இல் அறிவித்தது. எனவே பிள்ளைப்பேறு முடிந்த பின், பிஆர்சிஏ 1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ 2 என்றால் 40 முதல் 45 வயதுக்குள், சூலகங்களையும் குழாய்களையும் அகற்றுவதை வைத்தியர்கள் பரிந்துரைக்கிறார்கள். இது சூலகப் புற்றுநோய் ஆபத்தை ஏறத்தாழ 80 சதவீதம் குறைக்கிறது. மாதவிடாய் முன்கூட்டியே நின்றுபோவதால் எலும்பு, இதயம் போன்றவற்றைக் கவனிக்க வேண்டியும் வரும். ஆகவே அது ஆறுதலாக யோசித்து, கணவனும் மனைவியும் வைத்தியரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

நோய் வந்தவருக்கும் இந்த அறிவு பயன்படுகிறது. பிஆர்சிஏ பழுதான புற்றுநோய்க் கலம், திருத்தும் வழிகளில் ஒன்றை ஏற்கெனவே இழந்தது. மீதமுள்ள இன்னொரு வழியையும் மருந்தால் அடைத்துவிட்டால் அது செத்துவிடும், நல்ல கலங்கள் பெரும்பாலும் தப்பிக்கும். 2005 இல் ஆய்வுகூடத்தில் காட்டப்பட்ட இந்த எண்ணத்திலிருந்து பிறந்த ஒலபரிப் என்ற மருந்து 2014 இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. எனவே சூலகப் புற்றுநோய் வந்த பெண், குடும்பத்தில் வேறு எவருக்கும் நோய் இல்லாவிட்டாலும், பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும்.

எல்லாப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. சுகவனிதையர் கிளினிக்கில் செய்யும் பெப் பரிசோதனை கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கானது. அதை அவசியம் செய்யுங்கள். ஆனால் அது சரியாக இருக்கிறது என்பதால் சூலகமும் சரி என்று பொருளில்லை. வயிறு ஊதுதல், சீக்கிரம் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போதல் ஆகியவை புதிதாகத் தொடங்கி மாதத்தில் 12 தடவைகளுக்கு மேல் வந்தால், கேஸ்ரைட்டிஸ் என்று நாமே முடிவு செய்யாமல் வைத்தியரிடம் போக வேண்டும். ராத்தா நான்கு மாதங்களை அப்படித்தான் இழந்தார்.

"எழுதாதீங்க"

ராத்தாவுக்குச் சத்திரசிகிச்சையும் கீமோவும் முடிந்தன. அல்ஹம்துலில்லாஹ், இப்போது சமைக்கிறார், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிளினிக் போகிறார். ராத்தாவின் அறிக்கை வந்த பின் தங்கச்சியும் நானும் பரிசோதித்தோம். தங்கச்சிக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு 19, இளையவளுக்கு 14. ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி.

நான் இப்படி எழுதப்போவதை அறிந்து சொந்தத்தில் ஒருவர் போன் எடுத்தார். "ரெண்டு பொம்புளப் புள்ளைகள வெச்சிக்கிட்டு இதெல்லாம் எழுதாதீங்க. நாளைக்கு மாப்பிள்ள பேச யாரும் வரமாட்டாங்க" என்றார். அவர் சொன்னதில் அன்பு இருந்தது. பொய்யும் இல்லை, எங்கள் சமூகத்தில் அப்படி நடக்கத்தான் செய்கிறது.

மூத்த மகளையும் மனைவியையும் இருத்திவைத்துப் பேசினேன். படிப்பிக்கும் ஆசிரியனாக அல்ல, வாப்பாவாக. மகள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "எனக்குத் தெரியணும் வாப்பா. ஆனா இப்ப இல்ல. நான் சொல்றப்ப எடுப்பம்" என்றாள். அது சரியான பதில். இந்தப் பரிசோதனை வளர்ந்தவர்கள் தாமாகத் தீர்மானித்துச் செய்ய வேண்டியது. அவளுடைய வயதில் அவசரமும் இல்லை. "நீங்க எழுதுங்க" என்றும் அவளே சொன்னாள்.

மாமி மௌத்தானபோது இந்தப் பரம்பரையலகுகளே கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. அவரை யாரும் காப்பாற்றியிருக்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் மாமிக்கு வந்தது என்ன நோய் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தால், முப்பது வருடங்களில் அந்தப் பெயர் ராத்தாவுக்கு உதவியிருக்கும். நாற்பது வயதிலேயே வைத்தியரிடம் போயிருப்பார். வயிறு ஊதிய முதல் வாரத்திலேயே சந்தேகப்பட்டிருப்பார். மறைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் மறைக்கவில்லை. மாமியின் மகள்களுக்குக் கலியாணம் ஆக வேண்டும் என்றுதான் மறைத்தார்கள்.

அந்த மகள்கள் இருவரும் இப்போது ஐம்பதைத் தொடுகிறார்கள். விகாரம் வரும் வாய்ப்பு எங்களுக்கு இருந்தது போலவே அவர்களுக்கும் உண்டு. கடந்த மாதம் அவர்களுடைய வீட்டுக்குப் போய், நான் வரைந்த குடும்ப மரத்தை மேசையில் விரித்து விளங்கப்படுத்தினேன். மூத்த மச்சி அதில் தன் உம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்த நோயின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது இப்படியொரு நோய் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயே" என்றார். இருவரும் அடுத்த வாரம் வைத்தியரிடம் போகிறார்கள்.